பழைய பலகை, புதிய லினக்ஸ்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த அக்காமாரும் இருப்பார்கள், இரண்டு பகுதியாருக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இரண்டு பகுதியாரையும் சேர்த்து வைக்கிற சாமான் ஒன்று உண்டு. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் நீங்கள் பாவித்துவிட்டு இங்குள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவைக்கிற மடிக்கணினிதான் அது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவுவதற்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அனுப்பப்படும் கணினிகளில் பல இந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பவை. விசைப்பலகை நன்றாயிருக்கும், திரை நன்றாயிருக்கும், ஆனால் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறோம். கட்டுரை எழுத, இணையத்தில் தேட, பைதன் படிக்க அது தாராளமாகப் போதும். அந்தப் பிள்ளை பொறியியற் பீடத்துக்குப் போனபிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். இலத்திரனியல் ஆய்வுகூடங்களில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லு பொருத்திய பயிற்சிப் பலகைகள் இருக்கும். உள்ளே எந்தச் சுற்று இருக்கவேண்டும் என்பதை நாமே எழுதி இறக்கக்கூடிய சில்லு அது. அல்ரெரா நிறுவனத்தின் சைக்குளோன் 2 என்ற சில்லைக் கொண்ட பலகைகள் ஒரு காலத்தில் உலகமெங்கும் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. ஆளிகள் வேலை செய்கின்றன, விளக்குகள் எரிகின்றன, எனவே ஒருவரும் அவற்றை எறிவதில்லை. எறியவும் கூடாது. ஆனால் அந்தச் சில்லுக்கு நிரல் ஆக்கித் தரும் குவார்ட்டஸ் மென்பொருளில் சைக்குளோன் 2 ஐ அறிந்த கடைசிப் பதிப்பு 13.0, சேவைப்பொதி 1. அது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன் பின்வந்த பதிப்புகளுக்கு அந்தச் சில்லைத் தெரியாது. பலகை பழசு, அதனால் மென்பொருளும் பழசு. பிள்ளையின் லினக்ஸ் மட்டும் புதிது.

அந்த மென்பொருளின் பட்டியலைப் பார்த்தால் ரெட் ஹற் போன்ற, கம்பனிகள் பணம் கட்டி எடுக்கிற லினக்ஸ் வெளியீடுகளின் பெயர்கள் இருக்கும். பிள்ளையிடம் இருப்பது டெபியனோ மின்ற்றோ. லினக்ஸ் பழக்கமில்லாத அக்காமாருக்காகச் சொல்கிறேன்: மா ஒன்றுதான், ஒருத்தி பிட்டு அவிக்கிறாள், ஒருத்தி இடியப்பம் பிழிகிறாள். லினக்ஸ் வெளியீடுகளும் அப்படித்தான். உள்ளேயுள்ள கேர்னல் ஒன்று. சுற்றி அடுக்கியிருக்கும் சாமான்களின் பதிப்பும் ஒழுங்கும் வேறு.

"ஆதரவு இல்லை" என்று ஒரு நிறுவனம் எழுதினால் அதன் பொருள், அங்கே ஓட்டிப் பார்க்கவில்லை, பிழைத்தால் எங்களைக் கேட்காதே என்பது. ஓடுமா ஓடாதா என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்குவதில்லை. அவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் பூட்டுடைத்த விண்டோஸ் ஒன்றையும் பூட்டுடைத்த மென்பொருள் ஒன்றையும் போட்டு, வைரசையும் சேர்த்துக் கொடுக்கிறார். இத்தனைக்கும் நான் சொன்ன குவார்ட்டஸின் வெப் பதிப்பு காசு கொடுக்கத் தேவையில்லாதது.

சரி, ஓட்டிப் பார்த்தால் என்ன நடக்கும்? முதலில் வருவது ஒரு பொய். கோப்பு கண்முன்னே இருக்கும். அதை ஓடு என்றால் "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்று கணினி ஆங்கிலத்தில் சொல்லும். பிள்ளை மறுபடி தரவிறக்குவாள், நூற்றுக்கணக்கான மெகாபைற் டேட்டா போய்விடும். உண்மையில் இல்லாதது அந்தக் கோப்பு அல்ல. அந்தத் தொகுப்பின் பல பகுதிகள் 32 பிற் நிரல்கள். சுற்றைச் சோதித்துப் பார்க்கிற மொடல்சிம் முழுக்க முழுக்க 32 பிற். நம் லினக்ஸ் 64 பிற். 32 பிற் நிரலை நினைவகத்தில் ஏற்றிவிடும் ஏற்றி நிரல்தான் அங்கே இல்லை. பாஷ் ஷெல்லின் அண்மைய பதிப்புகள் இதைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்கின்றன. பழையவை குழப்பத்தான் செய்யும். மருந்து சின்னது. 32 பிற் பொதிகளையும் ஏற்றுக்கொள் என்று டெபியனுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டு, வேண்டிய அடிப்படை லைப்ரரிகளை நிறுவவேண்டும். டெபியன் 13 இல் 32 பிற் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஆனால் 64 பிற் கணினியில் 32 பிற் நிரல்களை ஓட்டுவதற்கான பொதிகள் இன்னும் இருக்கின்றன.

அடுத்தது, காணாமற்போன லைப்ரரிகள். நிரல் ஒன்று தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமப்பதில்லை. படம் வரைய ஒன்று, எழுத்துரு வரைய ஒன்று என்று பொதுவான லைப்ரரிகளை இரவல் வாங்குகிறது. 2013 இல் அது கேட்டது பி.என்.ஜி. லைப்ரரியின் 1.2 வரிசையை. டெபியன் 2017 இல் 9 ஆம் பதிப்புடன் அதைக் கைவிட்டு 1.6 இற்குப் போய்விட்டது. எந்தெந்த லைப்ரரி இல்லை என்று பார்க்க எல்.டி.டி. என்ற சிறு கட்டளை இருக்கிறது. நிரலின் பெயரைக் கொடுத்தால் அது கேட்கும் லைப்ரரிகளை வரிசையாகக் காட்டும். கிடைக்காதவற்றுக்கு நேரே "இல்லை" என்று எழுதும். கடையில் கொடுக்கிற சாமான் துண்டு மாதிரி. ஊகிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு கண்டிப்பு. பழைய லைப்ரரியைக் கொண்டுவந்து கணினியின் பொது இடத்தில் போட்டுவிடாதீர்கள். பழையதில் பின்னாளில் கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். அதை மற்ற நிரல்களும் எடுத்துப் பாவிக்கும். தனியொரு கோப்புறையில் வைத்து, அந்த ஒரு நிரலுக்கு மட்டும், அது தொடங்கும்போது மட்டும், "இங்கே பார்" என்று காட்டிக் கொடுக்கவேண்டும். மொடல்சிம்முக்கு எழுத்துரு வரைகிற பிரீரைப் லைப்ரரியிலும் இதே கதைதான். புதியதைக் கண்டால் திறக்கும்போதே விழுந்துவிடும். 2.4.12 என்ற பழைய பதிப்பை மூலநிரலிலிருந்து 32 பிற்றாகக் கட்டிப் பக்கத்தில் வைத்தால் திறக்கும். கட்டுவதற்கு ஒரு பின்னேரம் போகும். அந்தப் பின்னேரத்தில் ஒரு பிள்ளை படிப்பது ஒரு தவணைப் பாடத்தை விட அதிகம் என்பது என் எண்ணம். பீடாதிபதி கேட்டால் மறுப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சிக்கல். மொடல்சிம் தொடங்குமுன் ஒரு ஷெல் நிரல் ஓடி, "உன் கேர்னலின் பதிப்பு எண் என்ன?" என்று கணினியைக் கேட்கும். 2.6 என்றாலோ 3 இல் தொடங்குகிற எண் என்றாலோ சரியான கோப்புறைக்குப் போகும். பட்டியலில் இல்லாத எண் என்றால் வேறொரு கோப்புறையைத் தேடும். அந்தக் கோப்புறை இலவசப் பதிப்பில் கிடையாது. அந்த நிரலை எழுதியவர்கள் 4 ஐ எதிர்பார்க்கவில்லை. 2015 ஏப்ரலில் லினக்ஸ் 4.0 வந்தது. 3.19 இற்கும் 4.0 இற்கும் இடையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. எண் நீண்டுகொண்டே போகிறது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் முன்எண்ணை மாற்றினார், அவ்வளவுதான். எண் மாறியதால் நல்ல நிரல் ஒன்று படுத்துவிட்டது. பிறகு 5 வந்தது, 6 வந்தது.

இது முதல் தடவையும் அல்ல. 2011 இல் 2.6.39 இற்குப் பிறகு 3.0 வந்தபோதும் பல நிரல்கள் இப்படித் தடுமாறின. அப்போது கேர்னலை எழுதுபவர்களே ஒரு வழி செய்தார்கள்: குறிப்பிட்ட ஒரு நிரல் கேட்டால் மட்டும் "நான் 2.6 தான்" என்று சொல்லும் வசதியைக் கேர்னலுக்குள்ளேயே வைத்தார்கள். செட்ஆர்ச் என்ற கட்டளை மூலம் இன்றும் அதைப் பாவிக்கலாம். வயதைக் குறைத்துச் சொல்வதற்கு அரச அனுமதி!

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, அந்த ஷெல் நிரலைத் திறந்து பார் என்பதுதான். அது பூட்டிய பெட்டி அல்ல, வெறும் எழுத்து. "3 என்றால் இங்கே போ" என்ற வரிக்குக் கீழே புதிய எண்களுக்கும் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. திறப்பதற்குமுன் ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும். நான் பார்த்த அளவில், இந்த ஒரு வரியைத் தானே எழுதிய பிள்ளை அதன்பிறகு கணினியை அண்ணாவிடமும் கடையிடமும் கொண்டுபோவதில்லை. பெண்பிள்ளைகளின் கணினியை வேறு யாராவது வந்து "செற் பண்ணி" கொடுப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். இதை நான் விளக்கத் தேவையில்லை. இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும்.

டொக்கர் போன்ற கொள்கலன்களைப் பற்றிக் கேட்பீர்கள். பழைய லினக்ஸ் ஒன்றின் லைப்ரரிகளை அப்படியே ஒரு பெட்டிக்குள் வைத்து ஓட்டலாம், நல்ல வழி. ஆனால் கொள்கலனுக்குள்ளும் கேர்னல் வெளியிலுள்ள அதே கேர்னல்தான். லைப்ரரிச் சிக்கல் தீரும், எண் சிக்கல் தீராது. மெய்நிகர் கணினி இரண்டையும் தீர்க்கும். 4 ஜிகாபைற் நினைவகமுள்ள மடிக்கணினியில் அது மூச்சு வாங்கும். நாளைக்குச் சமர்ப்பிக்கவேண்டிய ஒப்படை இருந்தால் இந்தப் பரிசோதனை ஒன்றும் வேண்டாம், ஆய்வுகூடக் கணினியில் போய் இருங்கள். தொழிலில் இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வாடிக்கையாளருக்கு அனுப்பும் வடிவமைப்பை ஆதரவுள்ள வெளியீட்டிலேயே செய்யுங்கள். பிழை வந்தால் கேட்க ஆள் வேண்டும்.

பலகையை வடத்தால் இணைத்த பிறகு "அனுமதி இல்லை" என்று வந்தால், முழு மென்பொருளையும் ரூற் அதிகாரத்தில் ஓட்டுவது கெட்ட பழக்கம். அந்த யு.எஸ்.பி. சாதனத்தைச் சாதாரண பயனர் தொடலாம் என்று ஒரு விதிக்கோப்பு எழுதினால் போதும். பலகையே கையில் இல்லாத பிள்ளைகள் சும்மா இருக்கத் தேவையில்லை. ஐக்காரஸ் வெரிலொக், ஜி.எச்.டி.எல்., அலை வடிவங்களைப் பார்க்க ஜி.ரி.கே. வேவ், எல்லாம் டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. ஒரே கட்டளையில் வந்துவிடும். சுற்றை எழுதிப் பழக, சோதிக்க, பிழை பிடிக்க அவை போதும். சில்லில் இறக்கும் கடைசிப் படிக்கு மட்டுந்தான் பழைய குவார்ட்டஸ் வேண்டும்.

அக்காமாரே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். மடிக்கணினி அனுப்புங்கள், நிறுத்தவேண்டாம். நினைவகம் 8 ஜிகாபைற்றாவது இருக்கட்டும்; இயலுமானால் சுழல்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு அனுப்புங்கள். உங்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் பலர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இலங்கை நேரம் மாலை 7 மணிக்கு, ஒரு மணித்தியாலம் திரையைப் பகிர்ந்து ஒரு தங்கச்சியுடன் இருங்கள். நீங்கள் செய்து கொடுக்கவேண்டாம். அவள் தட்டச்சு செய்யட்டும். பிழைச்செய்தியை அவளே உரத்து வாசிக்கட்டும், நீங்கள் "அடுத்த வரி என்ன சொல்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

கணினிக்கூடத்தில் தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். எந்தக் கணினி, எந்த லினக்ஸ், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, என்ன பிழை வந்தது, எந்த வரியை மாற்றினோம் என்று தமிழில் எழுதி, செய்தவர் பெயரும் திகதியும் போடுகிறார்கள். வெளியே போகுமுன் பாருங்கள், வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை ஒன்றைத் தர விரும்புகிறவர்கள் அதன் கடைசிப் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.