விட்ட பாடமும் விட்ட சேமிப்பும்

(தாம்பரத்தில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எதிர்பாராத ஒரு செலவு வந்து கையிருப்பைக் கரைத்துவிட்டுப் போகிறது. அதன் பிறகு குடும்பத்தின் சேமிப்பை எப்படி மீண்டும் தடத்தில் ஏற்றுவது? இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

தாம்பரத்தில் இந்தத் தலைப்புக்கு முன்னுரை தேவையில்லை. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகளிலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. சாலையில் படகு ஓடியதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அதே ஊர்களில் மறுபடி தண்ணீர். அரசு 2015இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 5,000 ரூபாயும், 2023இல் 6,000 ரூபாயும் நிவாரணம் வழங்கியது. அது முதல் வாரச் செலவுக்குக் கைகொடுத்தது. மீதியைக் குடும்பம்தான் தாங்கியது.

வெள்ளம் மட்டும்தான் என்றில்லை. அப்பாவுக்குத் திடீரென்று இதயத்தில் அடைப்பு, தங்கை குடும்பத்தில் ஒரு நெருக்கடி, மகனின் கல்லூரிக் கட்டணத்தில் நினைக்காத உயர்வு என்று எந்த வடிவிலும் அந்தச் செலவு வரலாம். பெயர் மாறும், விளைவு ஒன்றுதான். பாஸ்புக்கில் மீதி குறைந்துவிடும். "இனிமேல் எங்கே சேர்க்கப் போகிறோம்" என்று மனம் சோர்ந்துவிடும். பணம் போனதைவிட இந்தச் சோர்வால் ஏற்படும் நட்டம் பெரிது. பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் சேர்த்த குடும்பம், அந்தப் பழக்கத்தையே கைவிட்டுவிடும்.

நமக்குத் தெரிந்த வழிதான்

2015 மழையில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பள்ளி திறந்தபோது நம் முன்னால் நடத்தாத பாடங்கள் மலையாகக் குவிந்திருந்தன. அப்போது நாம் என்ன செய்தோம்?

விட்ட பாடம் அத்தனையையும் ஒரே வாரத்தில் நடத்த முயலவில்லை. முயன்றிருந்தால் பிள்ளைகள் தாங்கியிருக்க மாட்டார்கள். எது இல்லாவிட்டால் அடுத்த பாடம் புரியாதோ அதை முதலில் எடுத்தோம். காத்திருக்கக்கூடியதைக் காக்க வைத்தோம். தினமும் கொஞ்ச நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். அன்றாட வகுப்பையும் நிறுத்தவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு நடந்தது, பிள்ளைகள் எழுதினார்கள்.

விட்ட சேமிப்பை மீட்பதும் இதே வேலைதான். எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். வரிசை சரியாக இருந்தால் சிறிய தொகையே போதும். வரிசை தவறினால் பெரிய சம்பளமும் போதாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தரைத்தளத்தில் குடியிருக்கும் ஓர் ஆசிரியர் குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வெள்ளத்துக்குப் பிறகான செலவு: வண்டி எஞ்சின் 12,000. ஃபிரிட்ஜ் 22,000. வாஷிங் மெஷின் 18,000. கட்டில், மெத்தை 28,000. வயரிங், மோட்டார் 20,000. சுவருக்குப் பெயிண்ட் 25,000. வெளியே தங்கியது, சாப்பாடு, மருந்து 15,000. ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். கையிருப்பு 50,000 போயிற்று. நகையை வங்கியில் வைத்து 60,000 வாங்கினார்கள். மிச்சம் 30,000 கிரெடிட் கார்டில்.

இந்தக் குடும்பம் இதுவரை மாதம் 15,000 சேமித்து வந்தது: ஏலச்சீட்டு 5,000, அஞ்சலகத் தொடர் வைப்பு 5,000, வங்கிச் சேமிப்புக் கணக்கு 5,000. இனி என்ன செய்வது?

முதல் படி, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவது. எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி, எப்போது கட்ட வேண்டும் என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வைத்திருக்கும் கடன்தான் குடும்பத்தில் மிக விலை உயர்ந்த கடன்.

இரண்டாம் படி, வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பது. கார்டில் தவணை தவறிய தொகைக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ரூபாய்க்கு மாதம் 1,050; அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 189; ஆக 1,239 ரூபாய். நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் 60,000 ரூபாய்க்கு மாதம் 450 ரூபாய்தான். கார்டுக் கடன் நகைக்கடனில் பாதி. ஆனால் அது தின்னும் வட்டி இரண்டரை மடங்குக்கும் மேல். நகை நம் கண்ணில் உறுத்தும். வீட்டில் அம்மாவோ மாமியாரோ "நகையை எப்போது மீட்கப் போகிறாய்?" என்று கேட்பார்கள். கார்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் பல வீடுகளில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும்.

மூன்றாம் படி, எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்று பிரிப்பது. ஏலச்சீட்டை நடுவில் நிறுத்தினால் நட்டம். சீட்டு எடுத்திருந்தால் ஜாமீன் போட்டவர்களுக்கும் சிக்கல். அது தொடரட்டும். அஞ்சலகத் தொடர் வைப்பில் நான்கு தவணை வரை விடுபட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும். விட்ட தவணையைப் பின்னர் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதத்தோடு கட்டலாம். அல்லது அத்தனை மாதம் முதிர்வுக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். நான்கைத் தாண்டினால்தான் கணக்கு முடங்கும். இந்த நான்கு மாதம்தான் நமக்குக் கிடைத்த இடைவெளி.

ஆக, முதல் நான்கு மாதம் சீட்டுக்கு 5,000. அவசர இருப்புக்கு 1,000. மீதி 9,000 முழுவதும் கார்டுக்கு. கார்டில் புதுச் செலவு எதையும் ஏற்றக்கூடாது. நான்காம் மாதம் கார்டுக் கடன் முடிந்துவிடும். ஐந்தாம் மாதம் தொடர் வைப்பு மறுபடி தொடங்கும், நகைக்கடனுக்கு 4,000, இருப்புக்கு 1,000. இப்படிப் போனால் மொத்தம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஆண்டில் நகை வீடு வந்து சேரும். நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஏல அறிவிப்பு வரும்வரை மறந்திருப்பவர்கள் உண்டு.

கடன் இருக்கும்போது அந்த 1,000 ரூபாயை ஏன் தனியே வைக்க வேண்டும், அதையும் கடனுக்கே கட்டலாமே என்று கேட்கலாம். கணக்குப்படி அது சரி. ஆனால் அடுத்த மாதம் கேஸ் அடுப்பு பழுதானால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கையில் ஒன்றும் இல்லாதவர் மறுபடி கார்டைத்தான் தேய்ப்பார். அந்த ஆயிரம் ரூபாய், அடைத்த ஓட்டை மறுபடி திறக்காமல் காக்கிறது. சேர்க்கும் பழக்கம் அறுந்துபோகாமலும் காக்கிறது.

நமக்கென்று உள்ள வழிகள்

தொடர் வைப்பை உடைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பன்னிரண்டு தவணை கட்டி, கணக்கு ஓராண்டைக் கடந்திருந்தால் இருப்பில் பாதிவரை அதன்மீதே கடன் வாங்கலாம். அதற்கான வட்டி, வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட இரண்டு சதவீதம்தான் அதிகம். கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பொது வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெறும் வசதி உண்டு. அதற்குப் பின் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் கடன் வாங்க வழி இல்லை. ஆகவே இளைய ஆசிரியர்கள் மூத்தவர்களைவிடக் கூடுதலாகவே அவசர இருப்பு வைத்திருக்க வேண்டும். கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடன் நியாயமான வட்டியில் கிடைக்கிறது. ஆனால் சக ஆசிரியருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுமுன், அது உங்கள் சம்பளத்தின் மீதும் விழக்கூடிய பொறுப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் முறை 2020இல் நிறுத்தப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் 15 நாள்வரை மீண்டும் வந்திருக்கிறது. பண்டிகை முன்பணம் 20,000 ஆகியிருக்கிறது. முன்பணம் கடன்தான், மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒப்படைப்புப் பணமும் அகவிலைப்படி நிலுவையும் அப்படியல்ல. அவை கைக்கு வரும்முன்பே, "பாதி கடனுக்கு, பாதி இருப்புக்கு" என்று தாளில் எழுதிவிடுங்கள். வந்தபின் எழுதினால் சண்முகம் சாலையில் ஏதாவது ஒரு கடை அதை வாங்கிக்கொள்ளும்.

விரைவாக மீட்கும் ஆசை

போனதை ஒரே வீச்சில் திரும்பப் பெற வேண்டும் என்ற ஆசை வரும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஒரு லட்சம் கட்டினால் மாதம் 30,000 வரை தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது 2022இல் வழக்குப் பதிவானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,400 கோடி ரூபாய்க்கும் மேல் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறியது. வங்கி ஆண்டு முழுவதற்கும் தரும் வட்டியைப்போல் நான்கு மடங்கை ஒரே மாதத்தில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஐந்தாம் வகுப்புக் கணக்கே நமக்கு விடை சொல்லிவிடும்.

சீட்டுக் கட்டுவதானால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்பது பதிவு எண்ணுக்கு ஈடாகாது. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் நம் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மிரட்டுவது நடக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். வாத்தியார், டீச்சர் என்ற மரியாதைக்குப் பயந்து வெளியே சொல்லாமல் இருப்பவர்கள்தான் மிரட்டுபவருக்கு வசதி.

நாள் தெரியாத செலவு

"எதிர்பாராத செலவு" என்ற சொல்லையே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். முடிச்சூரில் குடியிருப்பவருக்கு வெள்ளம் எதிர்பாராததா? எழுபது வயதைக் கடந்த பெற்றோர் உள்ள வீட்டில் மருத்துவச் செலவு எதிர்பாராததா? இவை நாள் தெரியாத செலவுகள். வரும் என்பது தெரியும். என்று வரும் என்பதுதான் தெரியாது. நாள் தெரியாத செலவுக்கும் மாத பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

கடன்கள் தீர்ந்தபின் மூன்று மாதக் குடும்பச் செலவு சேரும்வரை அந்த வரியை நிறுத்தாதீர்கள். கூடவே காப்பீட்டையும் பாருங்கள். நமது மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் திருமணமான ஊழியரின் பெற்றோர் சேரமாட்டார்கள்; அவர்களுக்குத் தனி ஏற்பாடு தேவை. வீட்டுக்கு, 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. அதில் வெள்ளச் சேதமும் அடங்கும். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுச் சாமான்களுக்கு மட்டுமே எடுக்கலாம். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. நீரில் மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்ப்பது எஞ்சினையும் கெடுக்கும், இழப்பீட்டையும் கெடுக்கும். ஆண்டுதோறும் செப்டம்பரில், பருவமழைக்கு முன், இந்தத் தாள்களை ஒருமுறை எடுத்துப் பார்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். பள்ளிகளில் சஞ்சாயிகா சேமிப்பு நடத்திய தலைமுறை நாம். அக்டோபர் 30 உலகச் சிக்கன நாளில் கட்டுரைப் போட்டி வைக்கிறோம். "சேமிப்பு ஏன் தேவை?" என்று கேட்கிறோம். அடுத்த முறை, "சேமிப்பு கரைந்துவிட்டால் என்ன செய்வது?" என்றும் கேளுங்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பல பிள்ளைகளின் வீட்டில் அதுதான் இன்றைய கேள்வி. இருக்கும் கடன்களை வட்டி வாரியாக வரிசைப்படுத்துவது தனிவட்டிப் பாடத்திலேயே வரக்கூடிய கணக்குதான். அந்தக் கணக்கைப் படித்த பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "எந்தக் கடனுக்கு வட்டி அதிகம்மா?" என்று கேட்கட்டும். ஒரு குடும்பம் வரிசையை மாற்றிக்கொள்ள அந்த ஒரு கேள்வி போதும்.

இன்று இரவு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தாள், ஒரு பேனா, வீட்டில் உள்ளவர்கள் அனைவரும். எழுதி முடித்தபின் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். எழுதாத கடனை யாராலும் வரிசைப்படுத்த முடியாது; எழுதிய கடனை நிச்சயம் முடியும்.