திரையும் அளவும்

கிழக்கிலங்கையின் கடலோரத்தே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. அவ்வூரிலே ஒரு வீட்டில், இரவுணவு முடிந்தபின் குடும்பத்தார் யாவரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பதாக நேயர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். ஒளிபரப்பாகும் படம் 'ராஜராஜ சோழன்'. திரையின் மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை, நடுவிலே படம். "இத்தனை பெரிய பெட்டியை விலை கொடுத்து வாங்கியும் திரையிற் காற்பங்கு வீணாய்க் கிடக்கின்றதே!" என்று வீட்டுப் பெரியவர் குறைப்படுகின்றார். பேரப்பிள்ளை ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்துகின்றான். பட்டைகள் மறைகின்றன, திரை நிறைகின்றது. வீட்டார்க்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஓர் எளிய உவமையால் இதனை விளக்கலாம். நீண்ட பன்பாய் ஒன்றைச் சதுரமான அறையிலே விரித்தால், பாயின் இரு புறமும் வெறுந்தரை தெரியும். பாயிலே குறையில்லை, அறையிலும் குறையில்லை. இரண்டின் அளவும் வேறு, அவ்வளவே. திரையிலே தோன்றும் கறுப்புப் பட்டையும் அத்தகைய வெறுந்தரையே.

இவ்வளவுகள் வேறுபட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1890களில் அமெரிக்காவிலே எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பார் 35 மில்லிமீற்றர் அகலமுள்ள படச்சுருளை அமைத்தார். அதிற் பதிந்த படத்தின் அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. பேசும் படம் வந்த பின்னரும் ஏறத்தாழ அவ்வளவே நிலைத்தது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி' போன்ற படங்கள் இவ்வளவை ஒட்டியே எடுக்கப்பட்டவை. பின்னர்த் தோன்றிய தொலைக்காட்சியும், திரைப்படத்தைப் பின்பற்றி, நாலுக்கு மூன்று என்ற அளவையே மேற்கொண்டது.

இங்கேதான் ஒரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்க மக்கள் வீட்டிலிருந்தே படங் காணத் தொடங்கியதும் திரையரங்குகளிற் கூட்டம் குறைந்தது. வீட்டிலே கிடைக்காத ஒன்றைக் காட்டினாலன்றி மக்கள் வாரார் என்று பட முதலாளிகள் உணர்ந்தனர். பிரெஞ்சு நாட்டவராகிய ஆன்ரி கிரேத்தியன் முன்னரே கண்டுபிடித்திருந்த ஒரு வில்லை அவர்களுக்குக் கைகொடுத்தது. அவ்வில்லை, பரந்த காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக ஒடுக்கிச் சுருளிற் பதியவைக்கும். அரங்கிலே மற்றொரு வில்லை அதனை மீண்டும் விரித்துக் காட்டும். இதுவே சினிமாஸ்கோப். இம்முறையில் அமைந்த முதற்படமாகிய 'தி ரோப்' 1953இல் வெளிவந்தது. இந்தியாவிலே குரு தத் 1959இல் 'காகஸ் கே பூல்' என்னும் இந்திப் படத்தை இம்முறையில் எடுத்தார். தமிழிலே முதல் சினிமாஸ்கோப் படம், ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில், சிவாஜி கணேசன் நடித்து 1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' ஆகும். இத்தகைய படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. ஆகவே, வீட்டுத் திரையினின்றும் வேறுபடவேண்டும் என்ற நோக்கத்துடனே பிறந்த படம், பிற்காலத்தில் அதே வீட்டுத் திரைக்குள் வந்து புகுந்தது. பொருந்தாமை அதன் பிறப்பிலேயே உள்ளது.

இலங்கையிலே தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி எழுந்தது. அக்காலத்துப் பெட்டிகள் யாவும் நாலுக்கு மூன்று அளவின. அவற்றிற் சினிமாஸ்கோப் படத்தை முழு அகலத்திற் காட்டினால், திரையின் உயரத்தில் நூற்றுக்கு 57 பங்கையே படம் நிரப்பும். எஞ்சிய 43 பங்கு கறுப்பாகும். இதற்கு அஞ்சிப் பல நாடுகளிலே படத்தின் இரு ஓரங்களையும் வெட்டித் திரையை நிரப்பும் வழக்கம் ஏற்பட்டது. அரசவையின் ஒரு கோடியில் மன்னனும் மறுகோடியில் அவனை எதிர்த்துரைப்பவனும் நின்றால், இருவரையும் ஒருங்கே காட்ட இயலாது. ஒருவர் தெரியும்போது மற்றவர் மறைவார். இருவருக்கும் இடையேயுள்ள தூரமே அக்காட்சியின் பொருள் என்றால், அப்பொருள் அங்கே அழிந்துபோகும்.

1980களில் அமெரிக்கப் பொறியியலாளர் கேர்ன்ஸ் பவர்ஸ் என்பார், பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்புநோக்கி, இரண்டுக்கும் இடைப்பட்டதாகப் பதினாறுக்கு ஒன்பது என்ற அளவைக் கண்டார். இன்றைய தட்டைத் திரைகள் பெரும்பாலும் இவ்வளவின. இது ஒரு சமரசமேயன்றித் தீர்வன்று. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள இன்றைய திரையிலே சினிமாஸ்கோப் படம் ஏறத்தாழ 817 புள்ளி உயரமே கொள்ளும்; மேலும் கீழும் 131 புள்ளியளவு கறுப்பாக நிற்கும். 'பராசக்தி'யைக் காட்டினாலோ பட்டைகள் இடமும் வலமுமாக நிற்கும்.

இனி, காரைதீவு வீட்டிலே பேரப்பிள்ளை செய்ததைக் காண்போர்க்கு உண்மை விளங்கும். அவன் அழுத்திய பொத்தான் படத்தைப் பெருக்கியிருந்தால், இரு ஓரங்களிலுமாகக் காற்பங்கு படம் திரைக்கு வெளியே சென்றுவிட்டது. மேலும் கீழும் மட்டும் இழுத்திருந்தால், ஓரம் தப்பியது. ஆனால் தேர்ச்சக்கரம் முட்டை வடிவாகும், மாந்தர் முகம் நீளும். வெட்டுதல், இழுத்தல், பட்டையுடன் விடுதல் ஆகிய இம்மூன்றனுள், படத்தை முழுமையாகக் காப்பது மூன்றாவது ஒன்றே. தபாற்பெட்டியின் நீண்ட வாய்போலத் தோன்றுதலின் இதனைத் தபாற்பெட்டி முறை என்பர்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. சில வேளைகளில் நாற்புறமும் கறுப்புச் சூழ, நடுவே படம் சிறுத்துத் தோன்றும். பழைய பெட்டிக்கென்று பட்டைகளோடு சேர்த்தே அனுப்பப்பட்ட படம், புதிய திரையிலே மேலும் இரு பட்டைகளைப் பெறுவதே இதற்குக் காரணம். அப்போது மட்டும், படத்தின் ஓரம் வெட்டுப்படாத அளவுக்குப் பெருக்கிப் பார்த்தல் தகும்.

திரையரங்கிலும் இதே நிகழ்ச்சி உண்டென்பதைப் பலர் அறியார். நல்ல அரங்குகளிலே வெண்திரையின் ஓரங்களிற் கறுப்புத் துணி அமைத்து, படத்தின் அளவுக்கேற்ப அதனை நகர்த்துவர். இருளிலே அத்துணி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வீட்டிலே விளக்கெரிவதால் பட்டை புலப்படுகின்றது. விளக்கைத் தணித்தாற் பெரும்பாலும் அது மறைந்துவிடும்.

காரைதீவு, விபுலானந்த அடிகளார் 1892இல் பிறந்த ஊர். தமிழ்ப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாகிய அப்பெரியார், 1947இல் அரங்கேறிய 'யாழ்நூல்' என்னும் தம் ஆராய்ச்சியிலே, இசைக்கு அடிப்படையான நரம்பளவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார். நரம்பின் முழு நீளமும் ஓர் ஒலி தந்தால், அதன் நாலில் மூன்று பங்கு வேறோர் ஒலி தரும். அளவு பிழைத்தாற் பண் பிழைக்கும். படத்துக்கும் இது பொருந்தும். எவ்வளவு அகலத்திற் காட்சியை அமைப்பது, யாரை எந்த ஓரத்தில் நிறுத்துவது என்பவை கலைஞன் எண்ணித் துணிந்தவை. அடிகளார் பிறந்த ஊரிலே அளவின் அருமையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. வீட்டுப் பெரியவர் பேரனிடம், "தம்பி, பட்டை இருக்கட்டும், படத்தை முழுசாய் விடு" என்று சொன்னாற் போதும்.