மூன்று இடங்களில் ஒரு பத்திரம்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். குறுகிய அவகாசத்தில் வீடு துறந்த அவர்களுட் பலர் காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் இழந்தனர். காகிதம் போனபின் உரிமையை நிலைநாட்டுவது எத்துணை அரிது என்பதை அக்கரையோரம் நன்கறியும்.

இலங்கைச் சட்டம் இவ்விடரை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. நொத்தாரிசு உறுதி முடிக்கையில் மூலத்தை உரியவரிடம் கொடுப்பார். ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். மற்றொன்றைத் தம்மிடமே வைத்திருப்பார். ஒன்று அழிந்தாலும் உண்மை அழிவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோதோ, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளாமல் மறைந்தன.

கணினியிற் கோப்புகளைக் காப்பதற்கும் இதுவே நெறி. கற்பிட்டிக் குடாநாட்டின் குறிஞ்சிப்பிட்டியில், ஊராரின் பத்திரங்களைப் படம்பிடித்துச் சேமிக்க ஒரு வாசிகசாலை முற்படுவதாகக் கொள்ளலாம். கோப்புகளைத் தாங்கும் கணினிக்கு வழங்கி என்று பெயர். ஒரு வழங்கி ஊரிலும், அதன் இணை புத்தளம் நகரிலும் இருக்கட்டும். முதலாவதில் எழுதப்படுவது இணையத்தின் வழியே இரண்டாவதிலும் எழுதப்படும். உப்புக்காற்று ஒன்றை அரித்தாலும் மற்றது பணிபுரியும்.

ஆயினும் இடையே தொடர்பு அறுந்தால், இரண்டும் தம்மையே தலைமையெனக் கருதி வெவ்வேறாக எழுதத் தொடங்கலாம். பின்னர் எது மெய் என்ற வழக்கு எழும். ஆகவே மூன்றாவது கணினி ஒன்றை நடுவராக நிறுத்தி, மூன்றில் இரண்டேனும் இசைந்தாலன்றி எழுதலாகாது என்று விதிப்பது வழக்கம்.

பலர் இடறும் இடம் வேறொன்று உண்டு. இணைப்பிரதி வேறு, காப்புப்பிரதி வேறு. கைதவறி அழித்த கோப்பு இணையிலும் அக்கணமே அழியும். பழுதானது பழுதாகவே படியும். ஆதலின் நேற்றைய நிலையையும் சென்ற மாதத்து நிலையையும் தாங்கிய வன்தட்டு ஒன்று, கணினியினின்று கழற்றப்பட்டு, வேற்றூரிற் பத்திரமாக இருத்தல் வேண்டும். பிறர் கையில் அது அகப்படினும் படிக்க இயலாதவாறு கோப்புகள் மறையாக்கம் செய்யப்படவேண்டும். மறைகுறியை நம்பிக்கைக்குரிய இருவரேனும் அறிந்திருக்கவேண்டும்.

இவ்வளவும் செய்தபின், மாதந்தோறும் ஒரு கோப்பையேனும் காப்புப்பிரதியிலிருந்து மீட்டுத் திறந்து பார்ப்பது இன்றியமையாதது. மீட்டுப் பாராத பிரதி வெறும் நம்பிக்கையே. ஒரு குடும்பத்தின் காணி உரிமை அதனை நம்பி நிற்கையில், அந்த நம்பிக்கை மட்டும் போதாது.