நர்ஸ் ரிவர்ஸின் கார்

செவிலியர் அறம் பற்றிய சொற்பொழிவு என்றால் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் கைவிளக்கில் தொடங்குவதே வழக்கம். இந்தச் சொற்பொழிவு ஒரு காரில் தொடங்குகிறது.

காரை ஓட்டியவர் யூனிஸ் ரிவர்ஸ். 1922-இல் அமெரிக்காவின் டஸ்கீகியில் செவிலியர் படிப்பை முடித்த கறுப்பினப் பெண். அலபாமாவின் மேக்கன் கவுண்டியில் பருத்திக் காட்டில் பாடுபட்ட ஆண்களை வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்வார். டாக்டர்களிடம் அழைத்துப் போவார். வயிறாரச் சாப்பிட வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வழியெல்லாம் ஊர்க்கதையும் கேலியும்தான். யாராவது இறந்தால் துக்க வீட்டிலும் அவர் இருப்பார்.

1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தது; ரிவர்ஸ் அதன் நர்ஸ். சிஃபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட 399 பேர், நோயில்லாத 201 பேர். அத்தனை பேரும் கறுப்பினத்தவர். உங்களுக்குக் கெட்ட ரத்தம் என்று மட்டும் சொன்னார்கள். ஆஸ்பிரினும் டானிக்கும் கொடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததற்குச் சிறப்பு இலவச சிகிச்சை என்று பெயர் சூட்டினார்கள். நோயைத் தீர்க்காமல் விட்டால் அது உடம்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் தாராளமாகக் கிடைத்தபோதும் அவர்களுக்கு அது எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். இறந்தவரின் உடலை அறுத்துப் பார்க்கக் குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கும் வேலை ரிவர்ஸுடையது. ஈடாக அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும்.

ரிவர்ஸ் கல்நெஞ்சக்காரர் அல்லர். சிக்கலே அதுதான். டாக்டர்கள் வந்தார்கள், மாறிப் போனார்கள். ஊர் நம்பியது நர்ஸை. அவருடைய அன்பு இல்லாதிருந்தால் அந்த ஆய்வு 40 ஆண்டு ஓடியிருக்காது. 1930-களின் அலபாமாவில் வெள்ளை டாக்டர்களை ஒரு கறுப்பினப் பெண் எதிர்த்துப் பேசியிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1953-இல் அந்த ஆய்வைப் பற்றி வெளியான கட்டுரையில் முதல் பெயரே அவருடையது. 1958-இல் அரசு விருதும் பெற்றார்.

அதே 1953-இல்தான் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் தன் முதல் நெறிமுறையை ஏற்றது. டாக்டரின் உத்தரவை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்று, அறமற்ற செயலில் பங்கேற்க மறு என்ற இரண்டும் அதில் அருகருகே இருந்தன. இரண்டும் மோதினால் பயிற்சிக் காலத்திலிருந்து பழகிய கீழ்ப்படிதல்தானே ஜெயிக்கும்? 1972-இல் பத்திரிகைச் செய்தியால் ரிவர்ஸ் பணியாற்றிய அந்த ஆய்வு அம்பலமாகி நின்றது. 1973-இல் திருத்திய நெறிமுறை, செவிலியரின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுவோரிடமே என்றது.

அந்த முதல் பொறுப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 ஜூலையில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு போலீஸ் துப்பறிவாளர் வந்தார். விபத்தில் சிக்கி நினைவின்றிக் கிடந்த லாரி ஓட்டுநரின் ரத்தம் வேண்டும் என்றார். நோயாளியின் சம்மதமோ வாரண்டோ இல்லை. அவர் கைது செய்யப்பட்டவரும் அல்லர். செவிலியர் அலெக்ஸ் வபல்ஸ் மறுத்தார். வெறுங்கையோடு அல்ல: மருத்துவமனையும் போலீஸும் ஒப்புக்கொண்ட விதியை அச்சிட்டு வைத்துக்கொண்டு, மேலதிகாரியைப் போனில் பேசவைத்து, நிதானமாக வாசித்துக் காட்டினார். கதறக் கதற அவரை வெளியே இழுத்துப் போய்க் கைவிலங்கு பூட்டினார்கள்.

போலீஸுக்கு ரத்தம் கிடைக்கவில்லை. துப்பறிவாளர் வேலையிழந்தார். வபல்ஸுக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. போலீஸ் கேமராப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெற உதவுவதற்கு அதில் ஒரு பங்கைச் செலவிடப்போவதாக அவர் அறிவித்தார்.