மிச்ச நூலில் ஒரு குல்லா

மார்கழி விடியலில் நல்லம்பள்ளியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குத் தெரியும், குளிர் முதலில் காதைத்தான் பிடிக்கும். குல்லாவைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய உல்லன் நூல் உருண்டைகள் எத்தனை வீட்டுப் பீரோக்களில் தூங்குகின்றன!

2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், ஆளுக்கொரு துண்டாகப் பின்னியவற்றை இணைத்து 11,148 சதுர மீட்டர் போர்வை விரித்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். சிறு துண்டுகள் சேர்ந்தால் எவ்வளவு ஆகிறது, பாருங்கள்.

ஒரே கனமுள்ள நூல்களைச் சேருங்கள். மெல்லியதென்றால் இரண்டு இழையாகப் பிடித்துப் பின்னலாம். நிறம் தீர்ந்த இடத்தில் அடுத்த நிறம்; அது கோடாக அழகாகவே அமையும். வளையமாகப் பின்னி மேலே சுருக்கினால் குல்லா. கொஞ்சம் அகலமாக்கி, சுருக்காமல் விட்டால் கழுத்துக்கு மாட்டிக்கொள்ளலாம்.

ரொம்பச் சின்ன உருண்டையா? அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது; பச்சைக் குழந்தைக்கு ஒரு குல்லா பின்ன அது போதும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர்தான். அந்த வயதில் உடம்புச் சூடு தலைவழியே வெகுவாகப் போய்விடும் என்பதால், எடை குறைந்த குழந்தைகளுக்குக் குல்லா அவசியம். உறுத்தாத, துவைக்கத் தாங்கும் நூலாக எடுங்கள். பொத்தான், குஞ்சம் வேண்டாம். நூல் முனைகளை உள்ளே நன்றாகக் கோத்து முடியுங்கள். பிஞ்சு விரல் சிக்கக்கூடாது.