தாளும் பென்சிலும் போதும்

(கல்முனைக்குக் கல்விச் சுற்றுலா வந்த எமது தோட்டக் குடும்பங்கள் மத்தியில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி வந்து கடலைப் பார்த்தோம். மருதமுனையிலே கைத்தறியும் பார்த்தோம். இனி, போனிலும் கொம்பியூட்டரிலும் நாம் பார்க்கிற இணையப் பக்கம் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் பேசுவோம். "லயத்துப் பிள்ளைக்குக் கொம்பியூட்டர் வாங்க வழி ஏது?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இந்தப் பாடத்தைத் தொடங்கக் கொம்பியூட்டரே தேவையில்லை.

இது வெறும் விளையாட்டு என்றும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியிலே இலங்கையில் ஆக அதிகமான உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டம்தான். அந்த நேரம் நம் நாட்டுக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹானா' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். காணாமற் போனவர்களைத் தேடவும், முகாம்களின் விபரங்களைப் பதியவும் அது இணையப் பக்கங்கள் வழியாக வேலை செய்தது. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின் போதும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இப்படிப்பட்ட பக்கங்களுக்கெல்லாம் அடிப்படை எச்.டி.எம்.எல். என்ற குறிமொழி. அதைத் தந்தவர் டிம் பேர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர். 1991இல் அவர் எழுதிய முதல் விளக்கத்திலே 18 குறிகள்தான் இருந்தன. அவர் வேலை செய்த ஆராய்ச்சி நிலையம் 1993இல் இணையத் தொழினுட்பத்தை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஆகவே இதைப் பாவிக்க யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை.

குறி என்றால் என்ன? இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல் என்று கொம்பியூட்டருக்குச் சொல்லுகிற அடையாளம். இரண்டு கோண அடைப்புக்குள் ஆங்கில எழுத்தை எழுத வேண்டும். 'எச்' எழுத்தும் 1 என்ற இலக்கமும் எழுதினால் பெரிய தலைப்பு. 'பி' எழுதினால் பந்தி. 'யூ', 'எல்' என்று சேர்த்து எழுதினால் பட்டியல் தொடங்கும். அதற்குள் ஒவ்வொரு பொருளுக்கும் 'எல்', 'ஐ'.

முக்கியமான சட்டம் ஒன்று: திறந்ததை மூட வேண்டும். முடிகிற இடத்தில் அதே குறியை ஒரு சாய்கோடு சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். தலைப்பை மூட மறந்தால் கீழே உள்ளதெல்லாம் பெரிய எழுத்தாகவே வரும். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் உள்ளே இருப்பதைத்தானே முதலில் மூடுவோம்? அப்படித்தான் குறிகளும்.

இதைக் கொப்பியிலேயே பழகலாம். "எங்கள் தோட்டம்" என்று தலைப்பு. கீழே ஒரு பந்தி. பிறகு வீட்டுத் தோட்டத்து மரக்கறிகளின் பட்டியல்: கோவா, லீக்ஸ், கரட். எழுதுகிற விஷயம் தமிழாகவே இருக்கலாம், குறிகள் மட்டும் ஆங்கிலம்.

தாய்மாரே, உங்களுக்கும் இதில் வேலை உண்டு. ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எழுதிய குறி ஒவ்வொன்றுக்கும் சோடி இருக்கிறதா, இரண்டாவதில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கொழுந்தில் முற்றிய இலையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது பெரிய வேலையா?

சில பாடசாலைகளிலே ஒரு கொம்பியூட்டரைச் சுற்றிப் பல பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒருவருக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கும். கொப்பியில் எழுதிப் பிழை திருத்திக்கொண்டு போகிற பிள்ளைக்கு அந்தச் சில நிமிஷம் போதும். 'நோட்பேட்' என்ற சாதாரண எழுதும் பலகையில் அடித்து, பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைத்து 'எச்.டி.எம்.எல்.' என்று சேர்த்துச் சேமித்தால் பக்கம் திறக்கும். அதற்கு இன்டர்நெட் இணைப்பும் வேண்டாம். தமிழ் எழுத்து குழம்பி வந்தால், 'யூ.டி.எப். 8' முறையில் சேமிக்கும் விதத்தை ஆசிரியரிடம் கேளுங்கள்.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது ஒலுவிலிலே இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கிருந்து தூரமில்லை. நமது பிள்ளைகளும் அங்கே போய்ப் படிக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பியை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்க்காமல் இரண்டு பேருக்கும் கொடுங்கள்.