செலரி விதைச் சத்தும் நமது உடல்நலமும்

(காரியாபட்டியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் மருந்தைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். ஆயினும் தமிழ் கற்றார்க்கு மருந்து அயற்பொருளன்று. நம் முன்னோர் அறநூல்களுக்கே திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்தின் பெயரிட்டு வழங்கினர். திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் அதன் பத்துக் குறட்பாக்களிலும் ஒரு மூலிகையின் பெயரேனும் காணப்படவில்லை. அளவறிந்து உண்பதையும், நோயை ஆராய்ந்து தீர்ப்பதையுமே அவர் வற்புறுத்தினார். இன்று யாம் கூறப்போவதும் அவ்வழிப்பட்டதே.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. எம் உறவினராகிய பெரியவர் ஒருவர், அறுபது வயது கடந்தவர், இரத்தக் கொதிப்புக்காகப் பல்லாண்டு மாத்திரை உண்டு வந்தவர், சென்ற மாதம் தலைவலியும் தலைசுற்றலும் மிக்கு வருந்தினார். வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். கருவி 190 காட்டிற்று. "ஐயா, மாத்திரையை ஒழுங்காக உண்கிறீர்களா?" என்று வைத்தியர் வினவினார். "அதனை விட்டு நாற்பது நாளாயிற்று. வெளியூரிலுள்ள மகன் செலரி விதைக் குளிகை அனுப்பியிருக்கிறான். அது இயற்கைப் பொருள், தீங்கு செய்யாது" என்றார் பெரியவர். பக்கவாதம் வருமுன் அறிந்தது அவர்தம் நல்வினைப் பயன். மகன் அன்பினால் அனுப்பினான். தந்தை நம்பிக்கையால் உண்டார். இருவரும் குற்றமுடையரல்லர். குற்றம் அறியாமையினுடையது, அதனை நீக்குதல் சங்கத்தின் கடமை.

செலரி என்பது யாது? நம் கரிசற் காட்டில் விளையும் மல்லிக்கும், சீரகத்திற்கும், ஓமத்திற்கும் இனமான செடியாம். அதன் விதை ஓமத்தினும் சிறியது; மணமும் சிறிது கைப்பும் உடையது. நம் நாட்டில் பெரும்பாலும் பஞ்சாபில் அமிர்தசரசைச் சூழ்ந்த பகுதிகளில் விளைந்து, பிற நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது.

இங்கே பெயர் மயக்கமொன்றைச் சுட்டுதல் வேண்டும். வடநூலார் கூறும் அஜமோதம் என்னும் பெயர் ஒரு செடிக்கே உரியதாக நில்லாது, வெவ்வேறு செடிகளுக்கு வழங்கி வருகின்றது. அன்றியும் நாட்டு மருந்துக் கடையில் குரோசாணி ஓமம் என ஒன்றுண்டு. அது பெயரளவில் ஓமமேயன்றி ஓமத்தின் இனமன்று, ஊமத்தையின் குடும்பத்தது, ஊமத்தையைப் போன்றே நச்சுத்தன்மை உடையது. ஆதலின் பெயரை மட்டும் கேட்டு விதையை வாங்கி உண்பது பேராபத்தாம். விதைப்பதற்கென்று விற்கும் விதையையும் உண்ணலாகாது. பூஞ்சணம் பற்றாதிருக்க அதற்கு நஞ்சு பூசியிருத்தல் கூடும்.

இனி, செலரி விதையில் நன்மையே இல்லையோ எனின், அங்ஙனம் கூறுவதும் நடுநிலையன்று. அதன் மணத்திற்குக் காரணமான தாலைடு என்னும் பொருள்கள் இரத்தக் குழாயைத் தளர்த்தும் இயல்பின என்று விலங்குகளிடத்துச் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. நம் நாட்டில் நடந்து 2013-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இரத்தக் கொதிப்புடைய 30 பேர் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் செறிந்த சத்தினை ஆறு வாரம் உண்டனர். 2022-இல் வெளியான ஈரான் நாட்டு ஆராய்ச்சியில் 52 பேர் நாளொன்றுக்கு 1.34 கிராம் வீதம் நான்கு வாரம் உண்டனர். இரண்டிலும் கொதிப்பு தணிந்ததாகவே கண்டனர்.

ஆயினும் அன்பர்காள், சற்று எண்ணிப் பார்மின்! முப்பது பேர், ஐம்பத்திரண்டு பேர்; நான்கு வாரம், ஆறு வாரம். இரத்தக் கொதிப்போ ஆயுள் முழுதும் உடனிருப்பது. இரண்டு ஆராய்ச்சிகளின் சத்தும் ஒன்றன்று. அளவும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேறுபடுகின்றது. நம் கைக்கு வரும் குப்பியிலுள்ளது இவற்றுள் எதனை ஒத்தது? சீன நாட்டில் அத்தாலைடு வகையுள் ஒன்று 2002-இல் பக்கவாதத்திற்கு மருந்தாக ஏற்கப்பட்டது உண்மையே. அது தூய்மை செய்து, அளவிட்டு, வைத்தியர் மேற்பார்வையில் அளிப்பது. அங்காடிக் குளிகை அதற்கு ஒப்பாகாது.

குழம்பிலோ ரசத்திலோ ஒரு சிட்டிகை விதை சேர்த்தால் பெரும்பாலார்க்குத் தீங்கில்லை. சத்து என்பது வேறு. பல கலயப் பதநீர் காய்ந்தே சில கருப்பட்டியாகின்றது. அதுபோல விதையின் குணமும் குற்றமும் ஒருங்கே செறிந்து குளிகையுள் அடங்குகின்றன.

யார் யார் விலக்க வேண்டும் என்பதைக் கூறுவோம். கருவுற்ற தாய்மார் இச்சத்தினை உண்ணலாகாது. கருப்பையைத் தூண்டுமென்ற அச்சம் உண்டு. சிறுநீரக நோயுடையார் விலக்குக. கொதிப்பு மாத்திரையோடு இதனையும் உண்டால் அழுத்தம் மிகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர், தைராய்டு மாத்திரை உண்பவர், மனநோய்க்கு லித்தியம் உண்பவர் ஆகியோர் வைத்தியரைக் கேளாது தொடவேண்டா. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர் முன்னரே வைத்தியரிடம் சொல்லுக. சிலர்க்குச் செலரி ஒவ்வாமையால் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாகும். இது கருதியே ஐரோப்பிய நாடுகள், உணவுப் பொட்டலத்தில் செலரியின் பெயரைக் கட்டாயம் குறிக்கவேண்டும் எனச் சட்டம் செய்துள்ளன.

நம் பகுதிக்கே உரிய செய்தி ஒன்றும் உண்டு. செலரிச் செடியிலுள்ள சோராலன் வகைப் பொருள்கள் வெயில் படும்போது தோலைப் புண்ணாக்கும் தன்மையின. கரிசலில் களையெடுப்போரும், பட்டாசினை வெயிலில் உலர்த்துவோரும், பகலெல்லாம் ஞாயிற்றின் கீழ் நிற்பவர் அல்லரோ? குளிர்நாட்டில் வீட்டினுள் இருப்பார்க்கு எழுதிய விளம்பரம் நமக்கு முற்றும் பொருந்தாது.

பெரியவர் உண்ட குளிகைக் குப்பி இதோ மேசைமீது உள்ளது. முகப்பில் பெரிய எழுத்தில் "இயற்கை" என்றுள்ளது. "மருந்தாகப் பயன்படுத்துதற்கன்று" என்ற வாசகமோ பின்புறத்தில் எறும்பளவு ஆங்கில எழுத்தில் உள்ளது. ஊட்டப் பொருள்களுக்கு அவ்வாசகம் வேண்டுமென 2016-ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. இரத்தக் கொதிப்பைத் தீர்ப்போம் என விளம்பரம் செய்தலை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது. சட்டம் நம்மைக் காக்கவே எழுதப்பட்டது. ஆனால் படிக்கத் தெரியாதவர்க்கு அதனைப் படித்துச் சொல்வார் வேண்டும்.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் வீட்டு முதியோர் உண்ணும் குப்பிகளையெல்லாம் ஒருநாள் எடுத்துப் படித்துக் காட்டுங்கள். முதியோரே, நாட்டு மருந்தாயினும் அங்காடிக் குளிகையாயினும், உண்பதனைத்தையும் வைத்தியரிடம் ஒளியாது சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தும் முடிவை நீங்களே செய்யவேண்டா. விலை கருதி நிறுத்துவோர் அரசு மருத்துவமனையை நாடுக. மக்களைத் தேடி மருத்துவம் என 2021-இல் தொடங்கிய திட்டம் கொதிப்பு மாத்திரையை வீட்டு வாயிலிலேயே கொணர்ந்து கொடுத்தது. வாயிலுக்கு வந்த மருந்தை விட்டு, விளம்பரத்தில் வந்ததை நாடுதல் அறிவுடைமையாகாது.

எம் பெரியவர் மீண்டும் மாத்திரை உண்கிறார். கொதிப்பும் தணிந்து வருகின்றது. இன்று இக்கூட்டத்தின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். "என் கதையைச் சொல், தம்பி, பெயரை மட்டும் சொல்லாதே" என்று அவரே பணித்தார். அப்பணியை நிறைவேற்றினோம். குறை காணின் பெரியோர் பொறுத்தருள்க.